வலதுபக்கப் பெட்டி

நேற்று குற்றாலம் பஸ்ஸில் என் தங்கை செல்வி, காதில் மாட்டியிருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "அண்ணே, காதரண்ணன் வீட்டுப் பாட்டு!" வாங்கிச் செருகினேன். அவ்வளவுதான், பழைய வயிற்றெரிச்சல் அப்படியே கிளம்பிவிட்டது.

காதர் என்னோடு படித்தவன். நான் தென்காசி ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் துபாயிலிருந்து லீவில் வந்திறங்கினான். கூடவே அத்தர் வாசனையும், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தனியே கழற்றி வைக்கிற மாதிரி ஒரு ரேடியோ செட்டும். எங்கள் வீட்டு ரேடியோவுக்கு ஒரே வாய்; அதுவும் எந்நேரமும் கரகரக்கும். அவன் செட்டிலோ எஃப்.எம். பிடித்ததும் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஸ்டீரியோ என்று அர்த்தமாம். எனக்கு அந்த விளக்கைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கூத்தைக் கேளுங்கள். "ஆம்பளைக மட்டும் கேட்டாப் போதுமா?" என்று அவன் மனைவி பாத்திமா சண்டைக்கு வர, காதர் நீளமாக வயர் இழுத்து வலதுபக்கப் பெட்டியை அடுப்படியில் வைத்துவிட்டான். இடதுபக்கப் பெட்டி முன்னறையில், எங்களுக்கு. பாட்டையே பங்கு போட்டுவிட்டோம் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

செல்வி பாத்திமாவிடம் பூத்தையல் பழக அடுப்படிவரை போகிறவள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, எஃப்.எம்.மில் அடிக்கடி போடுகிற ஒரு பாட்டைச் சொல்லி, "அந்தப் பாட்டுல புல்லாங்குழல் என்னமா வருது!" என்றாள். எந்தக் குழல்? நான் கேட்டது பாடுகிற குரலும் தபேலாவும்தான். காதர்மேல் இருந்த பொறாமை அன்றைக்கே தங்கைமேல் தாவிவிட்டது. அவளும் சும்மா விடவில்லை. "இன்னைக்காவது கேட்டுச்சாண்ணே?" என்று சீண்டுவாள்.

செட்டில் மோனோ என்றொரு பொத்தான் உண்டு. ஸ்டீரியோவில் சில வாத்தியம் இடது பெட்டியில், சில வலதில் என்று பிரியும்; இதைத் தள்ளினால் இரண்டிலும் எல்லாமே வரும். ஒரே ஒரு பாட்டுக்குத் தள்ளச் சொல்லி காதரிடம் கெஞ்சினேன்.

"போலே, லைட்டு அணைஞ்சிரும். பெறவு எதுக்குலே ஸ்டீரியோ?" என்று என் கையைத் தட்டிவிட்டான். லீவு முடியும்வரை விளக்கு எரிந்தது. நானும் தினமும் அரைப்பாட்டோடு வீடு திரும்பினேன்.

அந்த முன்னறை இப்போது செல்போன் கடை. காதர் குடும்பத்தோடு துபாய்க்கே போய்விட்டான். செட்டு என்ன ஆனதோ.

பஸ் இலஞ்சியைத் தாண்டியது. என் காதில் தபேலா மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. செல்வி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எனக்கு அதக் குடு, மாத்திக்கிடுவோம்" என்றேன்.

"சும்மா இரிங்கண்ணே, இப்பதான் குழல் வருது."

மோனோவுக்குத் தள்ளிவிடலாம் என்றால் அந்தப் பொத்தானும் இப்போது இல்லை.