ஆள் ஏறின பிறகு அளந்தவர்

வெள்ளிக்கிழமை காலை போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். பேராதனையில் இரத்தப் பரிசோதனை வேலை செய்யும் என் பேத்தி தர்ஷினி போன் போட்டாள். வேலை நேரத்தில் அவள் போன் போடுவதில்லை. அதனால் கத்தியை வைத்துவிட்டுத்தான் காதில் வைத்தேன்.

“அப்பாயி, கெலிஓயா ரஸீன் நானா மௌத்தாகிட்டாராம். விடியக்காலையில நெஞ்சு வலி வந்திருக்கு. ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு அடக்கமாம்.”

“லீவு போட்டுட்டு வா. நானும் வாறேன்.”

“நீங்களா அப்பாயி?” என்றாள். பதினான்கு வருடமாக அந்த மனிதரோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கெலிஓயாவில் பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே அவருடைய கராஜ் இருந்தது. எஞ்சினைத் தொடமாட்டார். வண்டியின் கீழ் வேலை மட்டும்தான், ஸ்பிரிங்கும் சொக் எப்சோபரும். ஒல்லியான மனிதர். தையல்காரர் போல அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருப்பார். எந்த வண்டி வந்தாலும், அதில் வழக்கமாகப் போகிறவர்கள் எல்லோரையும் கூட்டிவரச் சொல்வார். சாமான் ஏற்றுகிறவர்கள் சாமானோடு வரவேண்டும். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் டயருக்கும் மேலே இருக்கிற மட்காட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்து, நாடாவால் அளப்பார். “காலி வண்டி காட்டுற உயரம் பொய்” என்பார். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு குடும்பம் குடும்பமாக, எங்கேயும் போகாத வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெரியம்மா அரை மணித்தியாலம் அப்படி இருந்துவிட்டு, “எப்பங்க புறப்படுறது?” என்று கேட்டாராம்.

எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம் என் மகன் சந்திரனால் வந்தது. தர்ஷினியின் அப்பா. மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்கு வேனில் மரக்கறி ஏற்றினான். ஸ்பிரிங் பட்டை ஒன்று உடைந்தபோது ரஸீன் நானாவிடம்தான் போனான். இன்னும் இரண்டு பட்டை கூட்டிப் போடச் சொன்னான். அவர் மாட்டேன் என்றார். “நான் பட்டை கூட்டினா நீ பாரம் கூட்டுவ. பாரத்தைக் கொறச்சிட்டு வா தம்பி, செஞ்சி தாறேன்.” இதை நாலு பேர் முன்னால் சொன்னார். அவன் முகம் கறுத்து வீட்டுக்கு வந்தது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. வேறு ஒரு கராஜில் பட்டை போட்டுக்கொண்டான். மூன்றாவது வாரம் வத்தேகமவுக்கு மேலே வேன் புரண்டது. பிள்ளை போய்விட்டான்.

இந்த மனிதர் செய்து கொடுத்திருந்தால் ஒழுங்காகச் செய்திருப்பார், என் மகன் இருந்திருப்பான். அப்படித்தான் நான் கணக்குப் பார்த்தேன். மரண வீட்டுக்கு அவர் வந்தபோது, “அவரை உள்ளே விடாதீங்க” என்றேன். பிரேதம் எடுக்கும் வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்கவும் நான் விடவில்லை.

போன வருடம் தர்ஷினி ஒரு சிவப்புக் கார் வாங்கினாள். ஜப்பான் கார், ஐந்து கதவு, உருவம் சின்னது, எஞ்சின் பெரியது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் பேராதனைக்கு அதில்தான் போய் வருகிறாள். வாங்கும்போதே சொக் எப்சோபரில் எண்ணெய் கசிந்தது. வளைவில் சாய்ந்தது, பள்ளத்தில் துள்ளியது. எப்படியும் மாற்றவேண்டும், மாற்றுகிற கையோடு காரின் உயரத்தைக் குறைத்துக் கொஞ்சம் பதித்துவிடவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கண்டி முழுக்க விசாரித்தாள். எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள்.

“நீ போ, நானும் வந்து பார்க்கிறேன்” என்றேன். என் முகத்தை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று பார்க்கத்தான் போனேன்.

என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். “வாங்கோம்மா” என்றார். நான் கதிரையில் உட்காரவில்லை.

“நானா, கூட வேலை செய்ற ஒருத்தர் ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டினா போதும்னு சொல்றார்” என்று தர்ஷினி தொடங்கினாள்.

“அவருக்கு என்ன வேல?”

“இரத்தம் எடுக்கிறவர்.”

“அப்ப அவர் ஊசியோட நிக்கட்டும். வெட்டின ஸ்பிரிங் அதுட இடத்தில குந்தாது மகள். ஒரு பள்ளத்தில பாஞ்சா கழன்டு நிக்கும்.”

பிறகு, திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு செட்டை எடுத்துக் காட்டினார். “பாக்க வடிவா ஈக்கும். ஓட்டப் பந்தயத்துக்கு நல்லம். நீங்க தெனமும் வேலைக்கிப் போற ஆள், ஒரு கெழமையில முதுகு பேசத் தொடங்கும். நம்மட மழைக்கும் சேத்துக்கும் மரை இறுகிப் போகும், பொறகு திருகவும் ஏலாது.” கடைசியாக, நீளம் குறைந்த கட்டை ஸ்பிரிங்கும் அதற்கு அளவான சொக் எப்சோபரும் போதும் என்றார். ஒரு அங்குலம் இறக்குவது ஒன்று, ஒன்றரை இறக்குவது ஒன்று.

“ஒன்றரை” என்றாள் இவள்.

“அது எத்தின பேர் ஏறுற எண்டதப் பொறுத்தது.”

அந்த நேரம் வேலை இடத்திலிருந்து போன் வந்து தர்ஷினி வெளியே போனாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். “எத்தின பேர் போவீங்கம்மா? பாரம் ஏதும் ஏத்துவீங்களா?”

பாரம். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மடுல்கெல்லவுக்குப் போய், திங்கட்கிழமை கிளினிக்குக்கு வரும் என் தங்கச்சி பாக்கியத்தையும், டவுனில் கடைகளில் வேலை செய்யும் அவளுடைய இரண்டு மருமகள்மாரையும், இரண்டு மூட்டை மரக்கறியையும் ஏற்றிக்கொண்டு வருவோம். அதைச் சொல்லி இன்னொரு தடவை பேச்சு வாங்குவதா?

“நாங்க ரெண்டு பேர்தான். என் கைப்பைக்கு மேல பாரம் இல்ல.”

அவர் கை நாடாவுக்குப் போனது. பிறகு இறங்கிவிட்டது. “பெரியவங்க சொன்னாச் சரி” என்றார். ஒன்றரை அங்குலத்தையே போட்டார்.

கார் வடிவாக இருந்தது. வளைவில் சாயவில்லை, பள்ளத்தில் துள்ளவில்லை. தர்ஷினி ஐந்து நாள் சிரித்த முகமாக இருந்தாள். ஆறாவது நாள் ஞாயிறு.

மடுல்கெல்லயில் எல்லோரும் ஏறினோம். லீக்ஸ் மூட்டை, கோவா மூட்டை, பின்னால் மூன்று பேர், முன்னால் நான்.  பன்விலைக்கு வரும் முன்னே முதல் பள்ளத்தில் அடியில் இடி மாதிரி ஒரு சத்தம். “கல்லு போல” என்றாள் பாக்கியம். கல் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வளைவில் றப்பர் கருகும் வாடை வந்தது. அப்போதாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கீழே இருந்து பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவில் ஏறியது. தர்ஷினி இடப் பக்கம் ஒதுக்கினாள். டயர் மட்காட்டில் உராய்ந்து கத்தியது, பின்பக்கம் அடிபட்டுத் துள்ளியது, கார் அவள் திருப்பிய பக்கம் போகவில்லை. இடப் பக்கம் எனக்குத் தேயிலைச் செடியின் தலைகள்தான் தெரிந்தன, அவ்வளவு கீழே. கார் நின்றபோது முன் சில்லு மழைத்தண்ணீர் ஓடும் கானின் விளிம்பில் இருந்தது. தர்ஷினியின் கை ஸ்டீயரிங்கை விட்டு எடுபடவில்லை. சந்திரனுக்கு இருந்தது போல நீளமான விரல்கள். பிரித்தெடுத்தது நான்தான்.

அங்கேயே அவருக்குப் போன் போட்டாள். “ஊரில எல்லாரையும் ஏத்திப் பார்க்கிற நீங்க எங்கள ஏன் ஏத்திப் பார்க்கல? அஞ்சு பேர், ரெண்டு மூட்டை மரக்கறி, எங்க எல்லாரையும் கொன்னிருப்பீங்க.”

அவர் சொன்னது எனக்கும் கேட்டது. “கேக்காம செஞ்சது என்ட பிழ மகள். மெல்லமா கொண்டு வாங்கோ. நாளைக்கி அஞ்சு பேரும் மூட்டையோட வாங்கோ.”

கேட்டார். நான்தான் பொய் சொன்னேன். அதை அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கராஜில் ஐந்து பேரும் வண்டிக்குள் இருந்தோம். கிளினிக் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாக்கியமும் இருந்தாள். அவர் ஒவ்வொரு சில்லாக அளந்து கொண்டு வந்து, என் கதவுக்குப் பக்கத்தில் குந்தினார். நாடாவைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். “வழமைக்கு எல்லாரையும் ஏத்தித்தான் பாக்கிறது. உங்களுக்கிட்ட பாரம் எண்ட சொல்ல இன்னொரு தரம் எடுக்க எனக்கு வாய் வரல்லம்மா.”

 நான் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரையைக் கழற்றி, பின்பக்கம் கொஞ்சம் இறுக்கமான ஒரு அங்குல ஸ்பிரிங்கைப் போட்டார். மறுபடியும் எங்களை ஏற்றி அளந்தார். இரண்டு விரல் தாராளமாகப் போனது. ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு அதே பாரத்தோடு அதே வளைவுக்கு வந்தோம்.  தூறலில் வீதியோரம் ஒரு ஆள் நின்றார். கழுத்தில் நாடா. எந்த வளைவு, எத்தனை மணி என்று கராஜிலேயே தர்ஷினியிடம் கேட்டுவைத்து, கெலிஓயாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, எங்களுக்காகக் காத்து நின்றிருக்கிறார்.

கார் வளைவில் திரும்பியது. அவர் தலையைச் சாய்த்து, காதைக் காட்டிக்கொண்டு நின்றார். உராயவில்லை. இடிக்கவில்லை. ஒரு கையைத் தூக்கி, போங்கோ என்று காட்டினார்.

“ஏத்திக்குவோமா அப்பாயி?” என்று தர்ஷினி கேட்டாள்.

“இடமில்ல” என்றேன். இடம் இல்லாதது உண்மைதான். இறங்கி ஒரு வார்த்தை பேச இடம் தேவையில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கெலிஓயாவுக்குப் போகும்போது வழியில் தர்ஷினியிடம் சொன்னேன். “அவர் கேட்டார். ரெண்டு பேர்னு பொய் சொன்னது நான்.” அவள் காரை ஓரமாக நிறுத்தினாள்.  “அவரை நான் ஏசினேனே அப்பாயி” என்றாள். அவ்வளவுதான்.  திரும்பவும் காரை எடுத்தாள்.

நாங்கள் போனபோது அவருடைய ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிவிட்டார்கள். நான் அவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றேன். அவரை எங்கே நிற்க வைத்தேனோ அந்த இடத்தில்தான் எனக்கு நிற்க உரிமை இருந்தது. ஆம்பிளைகள் எல்லோரும் போன பிறகு அவருடைய மனைவி ஜன்னலால் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். அழுத முகத்தோடு வாசலுக்கு வந்து, “உள்ளுக்கு வாங்கோம்மா, என்னத்துக்கு வெயில்ல நிக்கிறீங்க” என்றார். போனேன். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். 

நானா, உங்களோடு கோபித்துக்கொண்டு இருந்த காலத்தை என்னால் திருப்பித் தர முடியாது. நீங்கள் கேட்டதற்கு மட்டும் இப்போது சரியான பதில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் போகிறோம். நான், தர்ஷினி, பாக்கியம், மருமகள்மார் இரண்டு பேர். பின்னால் ஒரு மூட்டை லீக்ஸ், ஒரு மூட்டை கோவா. வேறு பாரம் இல்லை. நல்லபடி போய் வாருங்கள்.