கடலில் கொட்டாத மரவள்ளி

என்னிடம் உள்ள புகைப்படத்தின் பின்புறத்தில் "சிரமதானம், கார்த்திகை 1973" என்று எழுதியிருக்கிறது. எழுத்து தலைமை ஆசிரியருடையது. திகதி இருந்த இடத்தை ஈரம் தின்றுவிட்டது. படத்தில் நாங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஆளுக்கொரு மரவள்ளிக் கிழங்கைப் பிடித்தபடி, மழையில் நனைந்து நிற்கிறோம். அதற்குப் பிறகு நடந்தது படத்தில் இல்லை.

பேக்கரி வாசலில் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்ற பஞ்ச வருடம் அது. பாடசாலைகளில் தோட்டம் செய்யச் சொன்னார்கள். கப்பல்துறைக் கிராமத்திலிருந்து மரவள்ளித் தடிகள் வந்தன. மாசியில் நட்டோம். வெள்ளிக்கிழமைதோறும் அடிமட்டத்தால் அளந்தோம். கணக்கும் விஞ்ஞானமும் அதிலேயே முடிந்துவிடும் என்றார் தலைமை ஆசிரியர். எலி தின்றது போக மிஞ்சியதைக் கார்த்திகையில் கிண்டி எடுத்தோம். அன்றே பெற்றோர் வந்து சிரமதானமாகக் கூலியின்றி வேலி அடைப்பது, கிழங்கை அவித்து எல்லோரும் உண்பது என்று ஏற்பாடு.

எங்கள் ஐயா துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். கப்பல் வராததால் பல வாரங்களாக வீட்டில் இருந்தார். அம்மாதான் வந்தார், சமையலும் தேநீரும் அவர் பொறுப்பு. காலையில் என் தலையை இழுத்துப் பின்னும்போது, "பள்ளிக்கூடத்தில தேத்தண்ணி குடியாதை" என்றார். ஏனென்று கேட்டேன். "சொன்னதைக் கேள்."

மழைக்குள் எல்லோரும் சூடாகத் தேநீர் குடித்தார்கள். நான் சொன்னதைக் கேட்டேன். கிழங்கு வெந்து இறக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு மாமி கோப்பையை மோந்து பார்த்தார்.

"இதென்னடி, இஞ்சி மணக்குது?"

எங்கள் பக்கத்தில் மரவள்ளியும் இஞ்சியும் ஒரே வயிற்றில் சேரக்கூடாது. சேர்ந்தால் நஞ்சு. படிக்காத பிள்ளைக்கும் அது தெரியும்.

"பிள்ளையள் நனையுதுகள், தடிமன் பிடிக்குமெண்டு போட்டனான்" என்றார் அம்மா.

"மரவள்ளி அவிக்கிற அண்டைக்கோ உனக்கு வைத்தியம் வந்தது?" என்றார் மாமி. சிலர் சிரித்தார்கள். பிறகு, இஞ்சி கலக்கிய அகப்பைதான் கிழங்குப் பானைக்குள்ளும் போயிருக்கும் என்று யாரோ சொல்ல, சிரிப்பு நின்றது. அம்மா மறுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவும் ஒருவரும் துணியவில்லை.

தலைமை ஆசிரியர் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது மாதப் பாடம் அது. "இனி ஏலாது. கடலிலை கொட்டுங்கோ."

"நான் கொண்டுபோய்க் கொட்டுறன் சேர்" என்றார் அம்மா.

நான் அளந்து வளர்த்த தடியின் கிழங்கும் அதற்குள் இருந்தது. அழுதுகொண்டே பின்னால் போனேன். கடற்கரைக்குத் திரும்பும் முடக்கில் அம்மா பானையை இறக்கிவைத்து, இடுப்பைப் பிடித்தபடி மதிலில் சாய்ந்தார். மீண்டும் தூக்கியபோது வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீட்டில் தம்பிமார் இருவரும் பானையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஐயா கிழங்கைப் பிட்டுப் பங்கிட்டார். நான் மட்டும் கையை வைக்கவில்லை.

"அகப்பை?" என்றேன்.

"அது வேறை அகப்பை. நீ தேத்தண்ணியும் குடிக்கேல்லைத்தானே. தின்."

தின்றேன். வகுப்பில் வேறு எவருக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம் எனக்குக் கிடைத்ததாக நினைத்தேன். அடுத்த நாள் தலைமை ஆசிரியர், "அம்மா கொட்டினவவோ?" என்று கேட்டபோது, "ஓம் சேர்" என்று தயங்காமல் சொன்னேன்.

மரவள்ளியோடு இஞ்சி உண்மையிலேயே நஞ்சாகுமா என்று பிற்காலத்தில் பலரிடம் விசாரித்தேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். மற்றதை விசாரிக்க ஒருவர்தான் இருந்தார். ஒரு பின்னேரம் கேட்கத் தொடங்கினேன். "களைப்பாய்க் கிடக்கு, பிறகு கதைப்பம்" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கதைக்கவில்லை. அந்த இஞ்சி மறந்து போட்டதா, நினைத்துப் போட்டதா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.