என் திரையில் மட்டும் ஓடிய லைப்ரரி

ஒரு தவறைக் கண்டுபிடித்த உடனே அதை எல்லோரிடமும் சொல்லிவிடுவது பொறுப்பா, இல்லை அந்தத் தவறோடு கொஞ்ச நேரம் தனியாக இருக்க முடியாத பயமா? மாதக்கணக்கில் யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை. மகளுக்குச் சோறு ஊட்டும்போது பொறுப்புதான் என்று தோன்றும். அவள் வாயைத் துடைத்துவிட்டு எழுந்திருக்கும்போது பயம்தான் என்று தோன்றும்.

நான் ஜோகூர் பாருவில் ஒரு சின்ன பொறியியல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்காவது புதிதாக வீடமைப்புப் பகுதி கட்டினால், அங்கே மழைநீர் எப்படி ஓடும், கால்வாய் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்று கணித்துக் கொடுப்போம். இந்தக் கணக்குக்கு எங்கள் அலுவலகத்திலேயே எழுதிய ஒரு நிரல் இருக்கிறது. அது எல்லாவற்றையும் தானே கணக்கிடுவதில்லை. கடினமான கணிதத்தை ஒரு லைப்ரரியிடம் விட்டுவிடும். லைப்ரரி என்றால் புத்தகம் வைத்திருக்கும் இடமல்ல. முன்பின் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, சோதித்து, இலவசமாகக் கொடுத்திருக்கும் கணித நிரல்களின் தொகுப்பு. அது கணினியில் ஒரு மூலையில் இருக்கும். தேவைப்படும்போது எங்கள் நிரல் அதனிடம் கேட்கும், அது விடை சொல்லும்.

அலுவலகத்தில் ஒருவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ரெங்கம் பக்கம் ஒரு தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர், கத்தோலிக்கர், மூத்த பொறியாளர். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, வாரத்தில் இரண்டு நாள் உலு திராமில் உள்ள என் வீட்டிலிருந்தே வேலை செய்யலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்காக மேனேஜரிடம் போய்ப் பேசியவர் அவர். தங்கச்சி எங்கே உட்கார்ந்து செய்தாலும் வேலை ஒழுங்காக வரும், அதற்கு நான் ஜவாப்தாரி என்று சொன்னாராம். அதைக் கேட்டபோது சந்தோஷப்பட்டேன். அவருடைய வார்த்தை இப்போது என் கையில் இருக்கிறது என்று கவலையும் பட்டேன்.

பெக்கான் நானாஸ் பக்கம் ஒரு வீடமைப்புத் திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். மேட்டிலிருந்து இறங்கும் ஒரு கால்வாயில் கணக்கு சரியாக வரவில்லை. நீர்மட்டத்தைக் காட்டும் கோடு சீராக ஏறி இறங்காமல் ரம்பப் பல் மாதிரி துடித்தது. தண்ணீர் அப்படித் துடிக்காது. நாங்கள் வைத்திருந்த லைப்ரரி பழையது. புதிய பதிப்பில் இந்த மாதிரிக் கணக்குகளைச் சீர்படுத்தியிருக்கிறார்கள் என்று படித்தேன். ஆனால் எல்லோரும் நிரலை ஓட்டும் எங்கள் அலுவலக சர்வரும் பழையது. அதற்கு ஏற்றபடி ஆயத்தமாகப் புதிய பதிப்பு கிடைக்காது. மூல நிரலை இறக்கி, நாமே கம்பைல் செய்து, அதாவது கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, நிறுவ வேண்டும். நான் செய்கிறேன் என்று நானாகவே சொன்னேன். அண்ணன் கொடுத்த வாக்குக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை.

வீட்டில் இருக்கும் நாளில், அங்கிருந்தே சர்வரோடு இணைந்து அதைச் செய்தேன். மகள் மடியில் இருந்தாள். முதல் கட்டளை கணினியை விசாரிக்கும். கம்பைலர் இருக்கிறதா, இந்தக் கோப்பு இருக்கிறதா, அந்த வசதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இருக்கிறது, இருக்கிறது, இல்லை என்று அதுவே பதிலும் எழுதிக்கொள்ளும். கிளினிக்கில் தாதி மகளைப் பார்த்து, உட்காருகிறாளா, நிற்கிறாளா, எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று கேட்கும் தொனிதான். 'இல்லை' வரும் இடங்களில் எல்லாம் அது என்னவென்று தேடிப் படித்தேன். அந்த 'இல்லை' ஒன்றும் செய்யாது என்று தெரிந்துகொண்ட பிறகும் அடுத்த 'இல்லை'யை விடாமல் தேடினேன்.

அடுத்து கம்பைல். ஒரு வரியை அடித்துவிட்டால் போதும், நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கணினி ஒவ்வொன்றாக எடுத்து எந்திர மொழிக்கு மாற்றும். திரை முழுக்க எழுத்துகள் மேலே ஓடும். மகள் அதைக் கையால் பிடிக்கப் பார்த்தாள். முடிந்ததும் சோதனை. லைப்ரரியோடு அதற்கான பரிசோதனைகளும் வரும். சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று நிறுவுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் தேறின. நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். மறுபடியும் தேறின.

பிறகு நிறுவினேன். சர்வரின் பொது இடத்தில் கைவைக்க எனக்கு அனுமதி இல்லாததால், ஒரு தனி ஃபோல்டரில் வைத்தேன். இனி எங்கள் நிரலிடம், பழைய இடத்துக்குப் போகாதே, முதலில் இங்கே தேடு என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி. அந்த வரியை என் திரையில் அடித்தேன். நிரலை ஓட்டினேன். ரம்பப் பல் போய்விட்டது. கோடு மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.

இங்கேதான் தவறு. திரையில் அப்படி அடிக்கும் வரி, நான் திறந்து வைத்திருக்கும் அந்த ஒரு திரைக்கு மட்டும்தான் செல்லும். அதை மூடினால் போய்விடும். மற்றவர்கள் நிரலை ஓட்டும்போது அது இருக்கவே இருக்காது. எல்லோருக்கும் செல்ல வேண்டுமென்றால் பொதுவான அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். எனக்குத் தெரியாத விஷயமல்ல, பல்கலைக்கழகத்தில் படித்ததுதான். அந்த நேரம் பார்த்து மகள் அழுதாள் என்று எழுதலாம். அவள் அழவில்லை. சமர்த்தாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நான் மறந்துவிட்டேன்.

அண்ணனிடம், முடிந்தது, நீங்கள் ஓட்டிப் பாருங்கள் என்றேன். அவர் ஓட்டினார். அவர் பக்கமும் துடிப்பு நின்றிருந்தது. அதற்குக் காரணம் என் லைப்ரரி அல்ல. கணக்கு எத்தனை நொடிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும் என்ற இடைவெளியை அன்று காலைதான் அவர் குறைத்திருந்தார். இடைவெளி சிறிதானால் பழைய லைப்ரரிகூட ஓரளவு அமைதியாகும். இது எங்கள் இருவருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. நல்ல விடை வந்துவிட்டால் யார் போய்க் காரணம் கேட்கிறார்கள்.

வீடுகளைக் கட்டும் மேம்பாட்டு நிறுவனத்தின் சார்பில் ஒரு சீனப் பெண் பொறியாளர் வருவார். கறாரானவர். அவர் முன்னால் அண்ணன் புதிய லைப்ரரியால்தான் கணக்கு சீரானது என்று விளக்கினார். இதைச் செய்தது நம்முடைய ஆள், அதுவும் வீட்டிலிருந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்று என்னைக் கைகாட்டினார். நான் மேசையைப் பார்த்துச் சிரித்தேன்.

சில வாரம் கழித்து மகளுக்குக் காய்ச்சல். விடுப்பு முடிந்து, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் கணினியைப் புதிதாகத் திறந்து நிரலை ஓட்டினேன். வெளியீட்டின் முதல் வரியில் லைப்ரரியின் பதிப்பு எண் வரும். யாரும் படிக்காத வரி. அன்று என் கண் அதில் பட்டது. பழைய எண். ஒரு நிரல் எந்த லைப்ரரியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று காட்ட ஒரு கட்டளை உண்டு. அதையும் அடித்தேன். பழையதுதான். அண்ணன் அனுப்பிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் முதல் வரியில் பழைய எண். புதிய லைப்ரரி அத்தனை நாளும் யாரும் தொடாமல் அந்த ஃபோல்டரில் கிடந்திருக்கிறது.

அண்ணனுக்கு அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பெக்கான் நானாஸுக்கு சைட் பார்க்கப் போயிருந்தார். காத்திருந்திருக்கலாம். மறுபடி அழைத்திருக்கலாம். மகளின் பாலை ஆற்றிக்கொண்டே, ஒரு கையால் கைப்பேசியில் திட்டக் குழுவில் எழுதினேன். மேனேஜரும் அந்தச் சீனப் பொறியாளரும் இருக்கும் குழு. இதுவரை அனுப்பிய கணக்குகள் எல்லாம் பழைய லைப்ரரியில் ஓடியவை, அவற்றை நம்ப முடியாது, மன்னிக்கவும் என்று எழுதினேன். பழைய லைப்ரரி என்பதுதான் எனக்குத் தெரியும். நம்ப முடியாது என்பது எனக்குத் தெரியாது. பயந்ததைத் தெரிந்ததுபோல எழுதிவிட்டேன். அனுப்பியதும் மனம் லேசானது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பால் ஆறியிருந்தது. அவள் குடித்து முடிப்பதற்குள் அண்ணன் அழைத்தார்.

"தங்கச்சி, கால் பண்ணிருந்தீங்களா? புள்ளைக்குக் காச்சல் எப்படி இருக்கு?"

அவர் இன்னும் குழுவைப் பார்க்கவில்லை. நானே சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னேன். லாரி ஏதோ பின்னால் எடுக்கும் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்.

"குருப்புல போட்டாச்சா?"

"போட்டுட்டேன்ண்ணே."

"நான் திருப்பி கால் அடிக்கிற வரைக்கும் பொறுத்திருக்கலாம்லா," என்றார். குரல் உயரவில்லை. பிறகு, "சரி, புள்ளைய பாருங்க. நான் பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த வரியை அமைப்புக் கோப்பில் எழுதி, எல்லாக் கணக்கையும் புதிய லைப்ரரியில் மறுபடி ஓட்டினோம். நீர்மட்டம் எங்கேயும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறவில்லை. ஒரு கால்வாயின் அகலம்கூட மாறவில்லை. அவர் இடைவெளியைக் குறைத்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்குள் மேம்பாட்டு நிறுவனம் கூட்டம் போட்டுவிட்டது. புதிய லைப்ரரி என்று எங்களிடம் சொன்னீர்களே, எதை வைத்துச் சொன்னீர்கள் என்று அந்தப் பொறியாளர் அண்ணனைக் கேட்டார். அண்ணன், நான் சரிபார்த்திருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வரியைத் தவறவிட்டது நான் என்று சொல்லவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். குழுவில் எழுத அத்தனை அவசரப்பட்ட எனக்கு அந்த அறையில் வாய் திறக்கவில்லை. திறக்கலாம் என்று மூச்சை இழுத்தபோது மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அந்தத் திட்டத்தை இப்போது வேறொருவர் பார்க்கிறார். அண்ணனின் பழைய அறிக்கைகளையும் இன்னொருவர் சரிபார்க்கிறார். என் வீட்டு வேலை நாட்களில் யாரும் கைவைக்கவில்லை. அதைப் பற்றி அண்ணனே மேனேஜரிடம் மறுபடி பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் கோபமாக எதுவும் பேசியதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். ஆனால் தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை. "மேடம், அந்த ஃபைல் அனுப்பிட்டீங்களா?" என்கிறார். முதல் தடவை வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

என் கணவர் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர். நடந்ததைச் சொன்னேன். "அலமாக், நல்லவேள நம்ம வீட்டுக்கு ஒரு குருப்பு இல்ல. நான் துணி மடிக்காதது ஜோகூர் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு அவர், தப்பைச் சொன்னது தப்பில்லை, விடு என்றார். விட முடியவில்லை. நான் சொன்னது தப்பென்று எனக்கும் படவில்லை. ஆனால் என் பாரத்தை இறக்கி வைத்த இடம் அண்ணனுடைய தலை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார். இந்த முறை நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் வந்தார்கள். அவருக்கு சைட்டில் வேலை என்று அக்கா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அது. நான் எதுவும் கேட்காமல் முறுக்கை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அக்கா என் கையை ஒரு நொடி பிடித்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

இப்போது கிறிஸ்துமஸ் வருகிறது. அண்ணன் வீட்டில் வருஷம் தவறாமல் திறந்த இல்ல உபசரிப்பு உண்டு, தெரிந்தவர்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போகலாம். முன்பெல்லாம் என் மேசைக்கே வந்து, தங்கச்சி, மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு சீக்கிரம் வந்துருங்க, ரெண்டு மணிக்கு மேல வந்தா கோழி மிஞ்சாது என்பார். இந்த வருஷம் அலுவலகக் குழுவில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அழைப்பு வந்தது. என்னையும் சேர்த்துத்தான். என்னைத் தனியாக அழைக்கவுமில்லை, விலக்கவுமில்லை.

போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அது அவர் வீடு. வந்த விருந்தாளியை அவரால் முகம் சுளித்துப் பார்க்க முடியாது. சிரித்து, தட்டை நீட்டி, பரவாயில்லை என்றுதான் சொல்வார். அப்படி அவரைச் சொல்லவைப்பது மன்னிப்பா, இல்லை மறுபடியும் நான் லேசாவதற்கு அவரிடம் போய் நிற்பதா? அலுவலகத்தில் தனியாகப் பேசலாம் என்றால், அவர் வேலை நேரத்தில் வேலையைத் தவிர எதையும் என்னிடம் பேசுவதில்லை. கூட்டத்தில் நான் விழுங்கிய வார்த்தையை மேனேஜரிடமும் அந்தப் பொறியாளரிடமும் இப்போதாவது சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போவதா? அவர் மூடிவைத்ததைத் திறந்தால் அவருக்குப் பிடிக்குமா? போகாமலே இருந்துவிட்டால், அக்கா என்ன நினைப்பார்?

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்படி ஒருவரின் நல்ல பெயரை, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், கெடுத்த அனுபவம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்த அண்ணனின் இடத்தில் இருந்தவர்கள் எழுதினால் இன்னும் நல்லது. உங்களிடம் அவர்கள் எப்படி வந்து நின்றிருந்தால் உங்களுக்குப் பாரமாக இருந்திருக்காது? முதலில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கிறிஸ்துமஸுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. இந்த முறை யாராவது பதில் சொல்லும்வரை பொறுத்திருக்கிறேன்.