மாமு எழுந்து நின்றார்

எங்கள் மாமுவுக்குத் தோல் கம்பெனியில் வேலை கிடைத்ததே பந்து ஆடியதால்தான். ஆம்பூர்ப் பக்கம் அப்போது கம்பெனிகள் ஆளுக்கொரு கால்பந்து அணி வைத்திருந்தன. நன்றாகக் கோல் பிடிப்பவர் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமே போக வேண்டாம்; கிடங்கில் உட்கார்ந்து தோலுக்கு முத்திரை குத்தினால் போதும். அம்மாவின் தம்பியான மாமு அப்படித்தான் ராஜாவாக இருந்தார்.

இறுதி ஆட்டத்துக்கு அப்பா என்னையும் கூட்டிப் போனார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஆட்டம் முடியும் நேரத்தில் பந்தின் மேல் பாய்ந்த மாமுவின் கணுக்காலை எவனோ ஏறி மிதித்துவிட்டான். மாமு பந்தை விடவில்லை. நாங்கள் ஜெயித்தோம். அவர் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நானும் அப்பாவும் ஓடிப் போய்ப் பார்த்தால், கணுக்கால் பூரி போல உப்பிக்கொண்டிருந்தது.

அதற்குள் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. கூட்டம் விறைத்து நின்றது. மாமு உட்கார்ந்தே இருந்தார்.

"அந்த பாய்க்கு இன்னா, எழுந்திருக்க மாட்டாரா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்பா எங்களிடம் உருதில்தான் பேசுவார். அன்று தமிழில், நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "எழுந்து நில்லுப்பா."

"கால் போய்ட்ச்சு மச்சான்" என்றார் மாமு.

"தெரியுது. நில்லு."

மாமு கம்பத்தைப் பிடித்து எழுந்தார். அப்புறம் கம்பத்தையும் விட்டுவிட்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றார். உதடு வெளுத்திருந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டியபோது எல்லோரையும் விட ஓங்கித் தட்டினேன். மாமு அப்படியே அப்பாவின் தோளில் சரிந்தார்.

ஊன்றி நின்றதில் எலும்பு விலகிவிட்டதென்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் ஒருவழியாகக் கூடியது. பந்து அத்தோடு போயிற்று. முதலாளி ரொம்ப வருத்தப்பட்டுக்கொண்டே அவரைச் சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்றினார். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். மாமு அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாதான் மைதானப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை.

அன்று எதிர் கோலுக்குப் பக்கத்தில், அந்த அணிக்காரர் ஒருவரும், நெற்றியில் விபூதியோடு, தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது ஏன் என்று அப்பாவைக் கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.