ஐஸ் பெட்டியின் மூடி

என் தம்பி திண்டிவனத்தில் இறந்தபோது அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அவனுடைய மகள் ஐதராபாத்திலிருந்து வந்து சேர மறுநாள் ஆகும் என்பதால் ஐஸ் பெட்டிக்குச் சொன்னார்கள். ஆறு பேர் சேர்ந்து தம்பியைத் தூக்கி உள்ளே வைத்தோம். கண்ணாடி மூடியைப் போட்டால் மூடவில்லை. வயிற்றில் இடித்துக்கொண்டு ஒரு பக்கம் தூக்கி நின்றது.

பெட்டி கொண்டுவந்தவர், "கொஞ்சம் அமுக்கிப் புடிங்க, நான் கிளிப்ப மாட்டிடறேன்" என்றார். பக்கத்தில் நின்றது நான்தான். இரண்டு கைகளையும் மூடியின் மேல் வைத்து அழுத்தினேன். கிளிப் எட்டவில்லை. இன்னும் அழுத்தினேன். கடைசியில் அவர் நைலான் கயிறு போட்டுக் கட்டினார். நான் கையை எடுத்தபோது எல்லாரும் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நானும் தம்பியும் ஒரே உடல்வாகு. பந்தலில் உட்கார்ந்திருந்த ஒருவர், "அடுத்து பெரியவனுக்குத்தான். இப்பவே பெரிய பொட்டியா ஒண்ணு சொல்லி வச்சிடுங்கப்பா" என்றார். எனக்குக் கேட்டது. சற்றுத் தள்ளி நின்ற என் தங்கைக்கும் கேட்டது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். விழுப்புரம் ரயில்வே ஜங்ஷன் பக்கத்தில் ஒரு வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வேலை. காலையில் சென்னைக்குப் போகிறவர்கள் பைக்கை விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுவார்கள், சாயங்காலம் வந்து எடுப்பார்கள். அதிகம் பேச வேண்டியதில்லை, அதனாலேயே பதினேழு வருஷமாக அங்கேயே இருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என்னைத் தாங்காது. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உட்காருவேன். பஸ்ஸில் கூட்டம் ஏறினால், யாராவது வாயைத் திறப்பதற்கு முன் நானே எழுந்து நின்றுகொள்வேன்.

தம்பியின் காரியம் முடிந்த மறுவாரம் தங்கை ஆரம்பித்தாள். அவளும் திண்டிவனத்தில்தான் இருக்கிறாள். தினமும் காலை ஆறு மணிக்கு போன் வரும்.

"ண்ணா, ஆபரேஷன் பண்ணா எளச்சிடலாமாம். எதிர்வூட்டு டீச்சரோட அக்கா பண்ணிக்கினாங்க. ஒரு வருஷத்துல பாதி ஆளா ஆயிட்டாங்க."

"அப்படியா."

"அப்படியான்னா இன்னா அர்த்தம்? பண்ணிக்கிறியா, இல்லியா?"

"வேலைக்குக் கெளம்பிகினு இருக்கறேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவேன். மறுநாள் அதே ஆறு மணிக்கு மறுபடியும் வரும். எனக்குத் தெரியாதவர்களின் பழைய படமும் புதுப் படமும் போனில் வந்து விழும். பழைய படத்தில் இருப்பவர்களைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையின் கணவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அங்கே கிடந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வயிற்றை வரைந்து காட்டினார்.

"பயப்படாதீங்க மச்சான். சின்னச் சின்ன ஓட்ட போட்டுதான் பண்றாங்க. முக்கால் பாகத்த வெட்டி எடுத்துட்டா, மிச்சம் ஒரு வாழப்பழம் சைசுக்கு நிக்கும். நாலு வாய் துன்னா ரொம்பிடும்."

காப்பி கொண்டுவந்த என் மனைவி, "வெட்டினத இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"தூக்கிப் போட்டுடுவாங்க."

"இவருக்குப் பேசறதுக்கு வாய்தான் இல்ல. வயிறாவது இருந்துட்டுப் போவட்டுமே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு மனைவி அந்தப் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கும்போது, "பண்ணிக்கினா தேவலாமோ? தூக்கத்துல உங்க மூச்சு நின்னு நின்னு வருது. நான் எண்ணிக்கினே முழிச்சிக் கெடக்கறேன்" என்றாள்.

பாண்டிச்சேரி போகும் வழியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தங்கையின் கணவர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச வாயும் அடைத்துப்போனது. எடை பார்த்தார்கள், நூற்று முப்பத்தெட்டு கிலோ. டாக்டர் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். அவர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் தங்கை பதில் சொன்னாள்.

"அவர் பேச மாட்டாரா?" என்றார் டாக்டர்.

"அண்ணன் கூச்சப்படும் டாக்டர். நீங்க என்னக் கேளுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பிப் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, அறுவை சிகிச்சை செய்தால் நல்லதுதான், ஆனால் அதன்பிறகு ஆயுளுக்கும் சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருக்கவேண்டியது நான்தான் என்றார். "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். தலை ஆடியது. அது ஆமாம் என்று ஆடியதா, வேறெப்படியும் ஆடத் தெரியாமல் ஆடியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது.

ஆடியில் வேண்டாம் என்று தங்கை சொன்னதால், ஆவணி பாதியில் தேதி குறித்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் கஞ்சித் தண்ணீர், மோர், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பவுடர், இவ்வளவுதான்.

அந்த ஆடி மாதத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக விருந்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். புது மாப்பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்கள். கூட்டேரிப்பட்டில் இருக்கும் பெரியம்மா மகன், "இனிமே எங்க துன்னப் போற, வாடா" என்று சொல்லி பிரியாணி போட்டான். அன்று பந்தலில் பெட்டிக்குச் சொல்லிவைக்கச் சொன்னாரே, அவர்கூட வஞ்சிரம் வாங்கி வறுத்துப் போட்டார். "வெக்கப்படாத, நல்லா சாப்டு" என்று முதுகில் தட்டினார். நானும் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வராதது ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். யாரும் என் இலையைப் பார்த்து முகம் சுளிக்காமல் நான் சாப்பிட்டது அந்த ஒரு மாதம்தான்.

கஞ்சித் தண்ணீர் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டு விருந்து. அன்று மனைவிக்கு வேலை இருந்ததால் நான் மட்டும் திண்டிவனம் போனேன். தங்கையின் கணவர் தயிர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தங்கை தரையில் தலைவாழை இலை போட்டாள். எனக்குக் கீழே உட்காருவது கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியும், எப்போதும் கட்டிலில்தான் தட்டு கொடுப்பாள். இன்றைக்கு என்னவோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஆட்டுக்கறி வறுவல், கேப்பை அடை, அவித்த மல்லாட்டைக் கடலை ஒரு கைப்பிடி வைத்தாள். கடைசியாக ஒரு பன்னீர் சோடா பாட்டிலைத் திறந்து இலை ஓரத்தில் வைத்தாள். எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே பரிமாறுகிறவள், இரண்டடி தள்ளிப் போய் சுவரோரமாக நின்றாள்.

நான் பன்னீர் சோடா குடிக்க மாட்டேன், வாசனை பிடிக்காது. அதற்கு உயிரை விட்டவன் தம்பி. கருவாடும் கேப்பை அடையும் அவனுக்குப் பிடித்தவை. அவனுடைய காரியத்தன்று, அவன் படத்துக்கு முன்னால் தங்கை இதே மாதிரி ஓர் இலை போட்டுப் படைத்துவிட்டு இதே மாதிரி தள்ளி நின்றாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது. கை தானாக வைத்திருக்கும்.

நான் இலையில் கை வைக்கவில்லை.

"இன்னாண்ணா, சாப்புடு. ஆறிடப் போவுது."

"ஆபரேஷன்ல நான் செத்துடுவேன்னு நெனைக்கிறியாம்மா?"

"வாய கழுவு." பிறகு அவள் இலையைப் பார்த்தாள். சோடா பாட்டிலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெகு நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு மூடிய நீ அமுக்கின" என்றாள். "நான் பாத்துகினுதான் இருந்தேன். உனுக்கு ஒண்ணுன்னா யாருண்ணா அமுக்கறது? நான்தான இருக்கறேன். என்னால முடியாதுண்ணா."

ஒன்றரை வருஷமாகத் தினமும் ஆறு மணிக்கு அவள் சொல்ல வந்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த மூடியை நான் மட்டும்தான் இன்னும் கையில் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வாழ்க்கையில் நானாகப் பேசிய பேச்சு குறைவு. அன்று பேசினேன். "எனுக்கு ஆபரேஷன் வேணாம்மா. அந்த டாக்டரம்மா கேட்டப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரல. நீங்க எல்லாம் ஆசப்படறீங்கன்னு என் வயித்த வெட்டிக்க முடியல. சாப்பாட்ட கொறைக்கறேன், மாத்திர போடறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

"அப்ப அந்தப் பொட்டி?"

"எனுக்கு பொட்டி வேணாம். அவன் பொண்ணு தூரத்துலருந்து வரணும், அதனால வச்சாங்க. எனுக்கு யாருக்காக வெக்கணும்? என் பொண்ணு உள்ளூர்லயே கீறா. நீ ஒரு மணி நேரத்துல வந்துடுவ. வந்ததும் எடுத்துடுங்க. நான் ஊட்லயும் சொல்லி வெக்கறேன்."

அவள் என் தோளில் அடித்தாள். பலமான அடி, வலித்தது. சோடா பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் கவிழ்த்துவிட்டு வந்தாள். தயிரோடு வந்த அவள் கணவர், இலை அப்படியே இருப்பதைப் பார்த்து, "இன்னா மச்சான், சாமிக்குப் படச்சி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் தயிர்ப் பாக்கெட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். தேதியை ரத்து செய்ய அவர்தான் ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. அவர் மேல் தப்பில்லை.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு டீச்சரின் அக்கா நன்றாகத்தான் இருக்கிறாராம், மாடிப்படி ஏறுகிறாராம். டாக்டர் சொன்னதிலும் பொய் இல்லை. நான் கேப்பைக் கூழும் கீரையுமாக ஆறு கிலோ குறைந்திருக்கிறேன். மனைவி இன்னும் மூச்சை எண்ணிக்கொண்டுதான் படுத்திருக்கிறாள்.

தங்கை காலை ஆறு மணிக்கு இப்போதும் போன் செய்கிறாள். ஆபரேஷன் பேச்சை எடுப்பதில்லை.

"எழுந்துட்டியாண்ணா?"

"எழுந்துட்டேம்மா."

"சரி" என்று வைத்துவிடுகிறாள். என்றைக்காவது நான் குளிக்கப் போய் எடுக்கத் தாமதமானால், உடனே என் மனைவியின் போன் அடிக்கும். ஈரத் துண்டோடு ஓடிவந்து வாங்கினால், மறுமுனையில் பேச்சு இருக்காது, மூச்சு வாங்குவது மட்டும் கேட்கும். நான் எழுந்துவிட்டேன் என்று சொல்லுவேன்.