தண்ணீர் எடுக்காத கோழி

வெண்ணந்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. கோழிக்கு உடம்பு சரியில்லை என்பது முதலில் தண்ணீரில்தான் தெரியும். அது தண்ணீர் எடுப்பது குறைந்தால் அடுத்து தீனி குறையும், பிறகு முட்டை குறையும். குழாயில் கொஞ்ச நேரம் தண்ணீர் நின்றால்கூட நான் போடுகிற சத்தத்தில் பண்ணை ஆட்கள் நடுங்குவார்கள், கோழிகளும்தான். அப்படிப்பட்டவன், டெங்கு வந்து படுத்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தேன்.

ராசிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக் காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொன்னதில் புரியாதது ஒன்றுமில்லை. கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். தண்ணீர் என்று எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பசித்தால் இட்லி, குழைந்த சோறு, பருப்பு, வேகவைத்த முட்டை. வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, எங்கேயாவது ரத்தம் கசிந்தாலோ உடனே வந்துவிட வேண்டும். என் மனைவி பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்டாள். "அதை நம்பித் தண்ணியை விட்டுடாதீங்கம்மா" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் நான் டாக்டரைவிடப் பெரிய டாக்டராகிவிட்டேன். கஞ்சி பசை மாதிரி இருக்கிறது என்றேன். இளநீர் சளி பிடிக்கும் என்றேன். மோர் புளிக்கிறது என்று டம்ளரைத் தள்ளிவிட்டேன். வாய் முழுக்கக் கசப்பு. அதற்கு டெங்குதான் காரணம். பேச்சில் இருந்த கசப்பு மட்டும் என் சொந்தச் சரக்கு. பார்க்க வந்த உறவுக்காரர்கள் நிலவேம்புப் பொடியும் பப்பாளி இலையுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். ஆட்டுக்கால் சூப் யாராவது கொண்டுவருவார்களா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். உதடு வெடித்துவிட்டது. எழுந்து நின்றால் சுவர் சுற்றியது.

அன்று மாலை மனைவி கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, உங்க தங்கச்சி போன் பண்ணுச்சு. கொழந்தைக்குக் காது குத்தறதைத் தள்ளி வெக்க முடியாதாமா. நீங்க எந்திரிக்கலீன்னா உங்க சித்தப்பா பையன் மடியில வெச்சுக் குத்திக்கலாம்னு பேசிக்கறாங்களாமா."

எங்களில் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தங்கையோடு பிறந்தவன் நான் ஒருவன்தான். அந்த மடியைச் சித்தப்பா மகனுக்குக் கொடுப்பதா? நல்ல பையன்தான், என்னைவிட வாட்டசாட்டமானவன், தலையில் முடியும் கொட்டவில்லை. அதனாலேயே எனக்கு வயிறு எரிந்தது. தங்கைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. "அந்தக் கஞ்சிய எடு" என்றேன்.

அதன்பிறகு எதை நீட்டினாலும் குடித்தேன். கஞ்சி, இளநீர், மோர், மறுபடியும் கஞ்சி. குடிப்பதும் பாத்ரூம் போவதுமாகப் பொழுது போயிற்று. தலைமாட்டுச் சொம்பில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள், பண்ணையில் நான் டேங்கைப் பார்ப்பதுபோல.

தலைசுற்றல் நின்றதும் கை கால் முழுக்கச் சிவந்து தடித்து அரிப்பெடுத்தது. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். டெங்கு போகும்போது சிலருக்கு இப்படி வரும், பயப்பட வேண்டாம் என்றார்கள். அதற்குள் தங்கை வந்துவிட்டாள்.

"அண்ணனுக்கு ஆத்தா வந்திருக்கறா" என்றாள் தங்கை. வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது, முட்டையும் கறியும் நின்றன. "தண்ணி ஊத்தற வரைக்கும் காதுகுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஆத்தா எறங்கட்டும், பொறவு பாத்துக்கலாம்."

இது அம்மை இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு சமயமாக இருந்தால் விஞ்ஞானம் பேசி வீட்டையே இரண்டாக்கியிருப்பேன். இப்போது காதுகுத்து தள்ளிப்போனதே போதும் என்று வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். அந்தப் பக்திக்கு விலையும் கொடுத்தேன். ஷெட்டில் முட்டை அட்டை அட்டையாக அடுக்கியிருக்க, முதலாளிக்கு ஒரு முட்டை கிடையாது. தாளிக்காத பருப்பும் குழைந்த சோறும்தான். உடம்பு தேறியது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நல்ல நாள் பார்த்து, கோயிலில் காது குத்தினார்கள். இடுப்பில் நிற்காத வேட்டியைப் பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தை என் மடியில் வீறிட்டு அழுது, நெஞ்சில் எட்டி உதைத்தது. உதை வாங்கும் உரிமை எனக்குத்தான் என்று எனக்குச் சொல்லமுடியாத சந்தோஷம்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். சித்தப்பா மகனைத் தேடிப் போனேன். "என்னப்பா, மடி தப்பிப் போச்சா?" என்றேன்.

அவன் விழித்தான். "என்ன மடிங்ணா? நீங்க இருக்கயில என்னைய எதுக்குக் கேப்பாங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். மனைவி மோர் டம்ளரோடு பின்னால் நின்றாள்.

"கோழிக்கு மருந்து குடுக்கோணும்னா தண்ணியிலதானுங்க கலக்கறீங்க. கோழிகிட்டக் கேட்டுட்டா கலக்கறீங்க?"

"கோழியும் நானும் ஒண்ணா?" என்று குரலை உயர்த்தினேன். சித்தப்பா மகன் நழுவிவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க இல்லீன்னா கொழந்தைக்கு வேறொரு மடி கெடைச்சிருமுங்க" என்றாள். "நான் யாரைப் போயிக் கேப்பேன்?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன். மோர் நன்றாகப் புளித்திருந்தது. ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.