அத்தை மாற்றச் சொன்ன கேள்வி

எங்கே உட்கார்ந்தாலும் அத்தை செய்யும் முதல் வேலை, இடுப்பில் லுங்கிபோல் சுற்றிய தமேனைத் தரை தொடும்வரை இழுத்துவிடுவது. இடது கால் யானைக்கால். தாகேதாப் பேட்டையில் எங்கள் தெரு முழுவதற்கும் அது தெரியும். ஆனாலும் இழுத்துவிடுவாள்.

அந்தக் காலோடுதான் எங்கள் ஆய்வுக் குழுவுக்கு வந்தாள். இந்த நோய் வந்தவர்களும் மாணவர்களும் சேர்ந்து கேள்வி தயாரித்து, வீடு வீடாகப் போய்க் கேட்போம். நோயாளிகளை எங்கே ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்தால்தானே அதைக் குறைக்க முடியும்? "இந்த நோயாளிகளைக் கண்டால் பயமா?" என்று நான் ஒரு கேள்வி எழுதினேன். அத்தை சிரித்துவிட்டாள். "அட மண்டு, ஆமா பயந்தான்னு எவன்டா சொல்லுவான்? உங்க வீட்டுக் கல்யாணத்துல இவங்கள எங்க உக்கார வைப்பீங்கன்னு கேளு." குழுவே கைதட்டியது.

எங்கள் வீட்டுக்கு அவளே கேட்க வந்தாள். அப்பா அவளுடைய தம்பி. "இதெல்லாம் ஒரு கேள்வியாக்கா? முன்வரிசைலதான்!" என்றார். என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. அத்தை மறுநாளே புதுத் தமேன் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று விடியும்போதே, அவள் வந்து தங்கியிருந்த அறைக்கு அப்பா போனார். நானும் கூடப் போனேன். "அக்கா, எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டா வீட்டைப் பாக்க ஆளில்ல. சீர் சாமானெல்லாம் கெடக்கு." மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அத்தை அதற்குள் புதுத் தமேனைக் கட்டியிருந்தாள். "சரிடா தம்பி" என்றாள். மாலையில் நாங்கள் திரும்பியபோது கதவைத் திறந்து, "தாலி ஏறுறப்போ பாப்பா அழுதாளா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கூட்டத்தில்தான் பேசினாள். "அந்தக் கேள்விய மாத்துங்கடா. எங்க உக்கார வைப்பீங்கன்னு வேணாம். கடைசியா நடந்த கல்யாணத்துல எங்க உக்கார வச்சீங்கன்னு கேளுங்க." இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

அந்தக் கேள்வியோடு அவள் ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. கால் புண்ணாகி, காய்ச்சல் கண்டு, போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றைக்கு மட்டும் அவளை எல்லோருக்கும் முன்னால் கிடத்தியிருந்தோம்.

இப்போது நாங்கள் கேட்கிறோம். முன்பு பட்டென்று வந்த பதில் வருவதில்லை; தொண்டையைச் செருமுகிறார்கள், உள்ளே போய்ப் பிள்ளைகளை அதட்டுகிறார்கள். எங்கள் வீட்டு முறை வந்தபோது குழுவில் எல்லோரும் நழுவினார்கள். நானே அப்பாவின் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். அவர் ஆறிப்போன டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"வீட்டுக்குக் காவல் வச்சேன்னு எழுதிக்க," என்றார் கடைசியில். "சொன்னது அவ தம்பின்னும் எழுது."